காப்புவளை

மாலை ஆறு மணி, நலம் கேட்கும் நேரம். வெளிநாட்டுக் கடலடிப் பள்ளியில் மாணவர்கள் வரிசையாக நின்று மணிக்கட்டைச் சுவரில் வைப்பார்கள். பெனிட்டாவின் முறை வந்ததும் அவள் கையிலுள்ள காப்புவளை பச்சையாக ஒளிரும். அதே நொடியில் தூத்துக்குடியில் அவள் வீட்டு விளக்கும் பச்சையாகும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா உலை வைப்பாள்.

அரசின் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த வளை கட்டாயம். திட்டத்தின் காப்பாளர் செல்வி வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டாள்.

"நீ வாயத் திறக்கவே வேண்டாம் பெனி. பயந்தாப் போதும், எனக்குத் தெரிஞ்சிரும்."

நாலு பேர் முன்னால் பேசக் கூசும் பெனிட்டாவுக்கு அது பெரிய ஆறுதல்.

நீர்வகுப்புக்குத் தாமதமானால், பத்து எண்ணும்வரை பயிற்றுநர் காற்றுக்குழாயை மூடிவிடுவார். தண்டனை. இரண்டு எண்ணுவதற்குள் நெஞ்சு அடைக்கும். மூன்றில் எல்லாம் இதமாகிவிடும். தனக்குத் துணிச்சல் வந்துவிட்டதாகப் பெனிட்டா நினைத்தாள். எப்படியும் செல்வி அக்கா வருவாள் என்றும் காத்திருந்தாள்.

இன்று கொக்கி உடைந்ததால் வளையில்லாமல் இறங்கினாள். பத்து எண்ணியும் இதம் வரவில்லை. நீரைவிட்டு ஏறியதும் வளையை வாங்கப் போனாள். பழுதுபார்க்கும் மேசையில் வளையின் பதிவு திரையில் விரிந்திருந்தது. பதினான்கு நாள், ஒரே வாசகம்: அச்சம் உயர்ந்தது. தணிமருந்து செலுத்தப்பட்டது. நலம். ஒவ்வொன்றின் கீழும் செல்வியின் ஒப்பம்.

அங்கிருந்தே அவளை அழைத்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குக்கா."

"தெரியாம இருக்குமா? அதான் உடனே தணிச்சு விட்டேன்ல. ஒரு சிவப்பு விழுந்தா மொத்தப் பேரையும் திருப்பி அனுப்பிருவாங்க. பின்னால வரப்போற பிள்ளைகளையும் நினைச்சுப் பாரு."

"அம்மாட்ட பேசணும்."

"பேசேன். யார் வேண்டாம்னா? வளையப் போட்டாத்தான் வீட்டுக்கு இணைப்புக் கிடைக்கும்."

பெனிட்டா பேனாவை எடுத்தாள். உள்ளங்கையில் அழுத்தி எழுதினாள்: அம்மா, பயமா இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போ. பிறகு, சரிசெய்த வளையை மாட்டினாள். மணிக்கட்டில் எறும்பு கடித்தது போல ஒரு குத்தல்.

திரையில் அம்மா சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பச்சை விளக்கு.

பெனிட்டா உள்ளங்கையைப் பார்த்தாள். வேறு யாரோ, எதற்கோ எழுதியது போலிருந்தது.

"ஏட்டி, கையில என்ன எழுதி வச்சிருக்க?"

அவள் விரல்களை மெல்ல மடக்கினாள்.

"பாடம்தாம்மா."