படகோட்டியின் முடிச்சு

கடலோர ஊர்கள் ஐந்தையும் பார்த்தே தீருவது என்று அவள் கணவன் ஒற்றைக்காலில் நின்றான். மூன்று முடிந்திருந்தன. நான்காவது, கழிமுகத்துக்கு அக்கரையில். புயல் எச்சரிக்கை வந்து இரண்டு நாளாயிற்று; நடுப்பகலிலேயே வானம் கன்னங்கரேலென்று இருந்தது.

"சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?"

"வருஷத்துக்கு ஒரு லீவு. அதுலயும் மழைக்குப் பங்கு குடுக்கணுமா?"

படகோட்டி சம்மதித்ததே பெரிய காரியம். லைஃப் ஜாக்கெட்டை அவரேதான் மாட்டுவார், அவரேதான் கழற்றுவார். மார்புக்கு நேரே அவர் போடும் முடிச்சு வேறு யார் கைக்கும் அவிழாது. பக்கத்தில் நூலில் ஒரு சிவப்பு விசில்.

"தண்ணியில விழுந்தா ஊதுங்க. வந்துருவேன்."

"எனக்கு லூசாவே இருக்கட்டும்ணே, மூச்சு முட்டுது" என்றான் கணவன். மழை அவசரத்தில் அவரும் விட்டுவிட்டார்.

பாதி வழியில் ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. அவள் மகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது கணவன் எதிர்ப்பலகையில் இருந்தான். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அதன்பிறகு அவன் பேசவே இல்லை. சும்மா இருக்கிற வாயா அது? அவளுக்கு உறுத்தியது.

அக்கரையில் படகோட்டி மகளின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு அவளுடையதை. கணவன் தன் ஜாக்கெட்டைத் தானே கழற்றி நீட்டினான்.

முடிச்சு போட்டபடி இருந்தது.

விசிலைக் காணோம். நூல் அறுந்து தொங்கியது.

"அவிழ்க்காம எப்படிம்மா கழட்டுனாரு?" படகோட்டி கிசுகிசுத்தார். "தண்ணி ஆளைக் கீழ இழுத்தாத்தான் இது இப்படி வரும்."

அவள் கணவனைப் பார்த்தாள். கொட்டுகிற மழையில் அவன் சட்டை காய்ந்திருந்தது.

கழிமுகத்தின் நடுவிலிருந்து விசில் கேட்டது. விட்டு விட்டு.

"அம்மா, அப்பா அங்க ஊதுறாரு" என்றாள் மகள், பக்கத்தில் நின்றவனைப் பார்க்காமலே.

அவனைக் கரையிலேயே விட்டுப் படகைத் திருப்பினார்கள். உயிரோடு இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவள் முனகிக்கொண்டே வந்தாள். நெருங்க நெருங்க விசில் தேய்ந்தது.

நின்றது.

அலையில் சிவப்பாக அது மட்டும் மிதந்தது. அள்ளி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

எதிர்ப்பலகை கிறீச்சிட்டது.

காய்ந்த சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் திரும்பிட்டீங்க?" என்றான். "இன்னும் ரெண்டு ஊர் இருக்கே."