மூன்றாவது பேனலில் படுத்த நிழல்

பீப்... பீப்... பீப்.

காலை பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் வந்திருக்கவே கூடாது. பேட்டரி இறங்குகிறது என்ற எச்சரிக்கை அது. வெளியே அரிசோனா வெயில் டிரெய்லர் வீட்டின் தகரத்தை உருக்கிவிடும்போல் கொளுத்த, கூரையில் மூன்று சோலார் பேனல்கள் அண்ணாந்து கிடக்க, சுவரிலிருந்த மீட்டரோ ஐந்நூறு வாட் காட்டவேண்டிய இடத்தில் தொண்ணூறு காட்டியது.

லெனோரா கணவனைப் பார்த்தாள். மூடிய கூரை ஜன்னலுக்கு நேர்கீழே கட்டிலில் கிளேட்டன்; மூக்கில் குழாய். காலடியில் ஆக்சிஜன் மெஷின் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டரியில்தான்.

"என்னம்மா எலக்ட்ரீசியன், மேல பருந்து கூடு கட்டிடுச்சா?"

"பேசாம படு. மூச்சை வீணாக்காத."

டிரக் நகரத்துப் பட்டறையில் இருந்தது, நாளைதான் வரும். பேட்டரியில் மிச்சம் முப்பத்தொரு சதவீதம்.

மூன்று பேனல்களையும் சங்கிலிபோல் ஒரே வரிசையில் இணைத்தது அவள்தான். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மூன்றும் சோர்ந்துவிடும். 'தனித்தனியா வயர் இழுங்க அம்மணி' என்று ராய்ஸ் தலைபாடாய் அடித்துக்கொண்டான். கால் மைல் தள்ளி வேனில் தங்கியிருப்பவன். அவள் கேட்கவில்லை. இங்கே நிழலுக்கு வழியேது? மேகமில்லை. கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் உயரப் புதர்கள்தான்.

ராய்ஸ்தான் ஏதோ செய்திருக்கிறான். நேற்று டிரெய்லரைச் சுற்றிச்சுற்றி வந்தானே! அவனிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. நாம் போய்க் கெஞ்சவேண்டும் என்று காத்திருக்கிறான்.

ஏணியில் ஏறினாள். கூரையில் யாருமில்லை. வயர் எதுவும் கழன்றிருக்கவில்லை. முதல் பேனலில் கை வைத்ததும் சுட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மட்டும் சில்லென்று இருந்தது. முழுவதும் இல்லை, ஓர் ஆள் நீளத்துக்கு.

இறங்கி வந்து மீட்டரைப் பார்த்தாள். ஐந்நூற்றுப் பத்து. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

தலைக்கு மேலே தகரம் 'டொக்' என்றது.

தொண்ணூறு.

மறுபடி ஏறினாள். யாருமில்லை. இறங்கினாள். டொக். தொண்ணூறு.

அவள் ஏறும்போது அது எழுந்து போகிறது. இறங்கியதும் வந்து படுக்கிறது. மேலேயே காவல் இருக்கலாமென்றால் கிளேட்டனை யார் பார்ப்பது?

மணி ஒன்று. பதினான்கு சதவீதம். கூரையில் துணி உரசும் சத்தம், கட்டில் பக்கமாக மெல்ல நகர்ந்தது. மெஷின் திணறியது. கிளேட்டனின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன.

வீம்பை விட்டாள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"ராய்ஸ்! ஜெனரேட்டரை எடுத்துட்டு ஓடி வா. கிளேட்டனுக்கு முடியல."

"இதோ கிளம்பிட்டேன் அம்மணி. பதறாதீங்க."

"அதுக்கு முன்னாடி... பைனாகுலர்ல என் கூரையைப் பாரு. மேல யார் இருக்கா?"

கரகரப்பு. பிறகு அவன் சிரிப்பு.

"விளையாடற நேரமா இது? நீங்கதான் இருக்கீங்க! அது சரி, கூரை ஜன்னலைப் பெயர்த்துட்டு, தலைகீழா ஏன் உள்ள இறங்கறீங்க?"