டிரம்மில் ஒரு சிவப்புக் கறை

“தொடக்கூடாது, முகரக்கூடாது, கிட்டயே வரக்கூடாது! புரிஞ்சுதா?” என்று ஹிமேனா தன் நாயிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

சுர்ரோ வாலை ஆட்டியது. சரி என்றாலும் அது வாலைத்தான் ஆட்டும், மாட்டேன் என்றாலும் வாலைத்தான் ஆட்டும்.

முற்றத்தில் பெர்மின் மாமாவின் பழைய டிரம் பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஆலிவ் மரத்து ஏணியிலிருந்து விழுந்து மாமா தோளை உடைத்துக்கொண்டார். அதனால் இந்த ஆண்டு டிரம் ஹிமேனாவுக்கு! நாளை புனித வெள்ளி. நண்பகல் மணி அடித்ததும் ஊரே சதுக்கத்தில் டிரம் அடிக்கும். அதற்கு முன்னால் ஒரு சின்னத் தட்டுகூடக் கூடாது. அதுதான் மோன்டால்பா ஊரின் வழக்கம்.

“நல்லா சுத்தம் பண்ணிக்கோ, கண்ணு. ஆனா அந்தக் கறை மட்டும் பத்திரம்!” என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மேல்தோலின் ஓரத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கறையை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. மாமா சிறுவனாக இருந்தபோது, விரல் தேய்ந்து ரத்தம் கசியும்வரை அடித்தாராம். மோன்டால்பாவில் அதைவிடப் பெரிய பெருமை வேறென்ன இருக்கிறது!

ஹிமேனா துருப்பிடித்த திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டாள். அடித்தோலுக்குக் குறுக்கே ஓடும் நரம்புகளில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டினாள். எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுப் பித்தளை உடலைத் தேய்த்தாள். கறுத்துக் கிடந்த பித்தளை பளபளத்தது. அதில் அவள் மூக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால், ஐயோ! பெஞ்சின் மேல் வைத்திருந்த மேல்தோலைச் சுர்ரோ ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

“சுர்ரோ! போ அந்தப் பக்கம்!”

தோல் நனைந்து தொளதொளத்தது. கறை போயே போய்விட்டது.

ஹிமேனாவுக்கு அழுகை முட்டியது. மாமா இனி டிரம்மைத் தருவாரா? தன் முகத்தையாவது பார்ப்பாரா?

பக்கத்து வீட்டு நிக்கானோர் மதில்மேல் தலையை நீட்டினான்.

“அடிப்பாவி! மாமாவோட ரத்தத்தையா நாய்க்குப் போட்டே?”

“கத்தாதடா! நானே பயந்து போயிருக்கேன்.”

“எங்க வீட்ல பீட்ரூட் இருக்கு. சாறு பிழிஞ்சு ஒரு தடவு தடவிடு. யாருக்குத் தெரியப் போகுது? தோலை அடுப்புப் பக்கத்துல வச்சா சட்டுனு காஞ்சிடும்.”

“அடுப்புல வச்சா தோல் வெடிச்சிடும். பீட்ரூட்டும் வேணாம். பொய்யைப் பூசிட்டு மாமா மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? நீ யார்கிட்டயும் சொல்லாத, போ.”

“நானா? மூச்சு விடமாட்டேன்!” என்று சொல்லிவிட்டு நிக்கானோர் தெருப்பக்கம் ஓடினான்.

ஹிமேனா தோலைத் துடைத்து, வெயில் படாமல் காற்றில் காயவைத்தாள். சுர்ரோ சமாதானமாக வந்து அவள் முகத்தை நக்கியது. அவள் மூக்கைச் சுளித்தாள். பிறகு மறுபடியும் முகர்ந்தாள். அது சொரிசோ வாசனை! சிவப்பு மிளகாய்த்தூள் மணக்கும் சொரிசோ தொத்திறைச்சியின் வாசனை!

போன வாரம் அவள் முழங்கால் சிராய்ந்தபோது, கட்டுத்துணியில் படிந்த ரத்தம் மறுநாளே பழுப்பாகிவிட்டது. மாமாவின் கறை மட்டும் இத்தனை ஆண்டுகளாகச் சிவப்பாகவே இருந்தது எப்படி?

அவள் நேரே மாமா வீட்டுக்குப் போனாள். மாமா ஒற்றைக் கையால் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“மாமா, திட்டணும்னா திட்டிடுங்க. கறையைச் சுர்ரோ நக்கிடுச்சு. நான்தான் கவனிக்கல.”

மாமா வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

“இன்னொண்ணு. அதோட வாயில சொரிசோ வாசனை அடிக்குது. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

மாமாவின் காதுகள் சிவந்தன. பிறகு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்பாடா! அது தொலைஞ்சுதா? இன்னிக்குத்தான் நிம்மதியா மூச்சு விடறேன்!”

“கோபம் இல்லையா மாமா?”

“உன் வயசுல எனக்குப் பசி தாங்கல. டிரம் அடிக்கற நடுவுல ஒளிஞ்சு நின்னு சொரிசோ தின்னேன். புனித வெள்ளில இறைச்சி தின்னது தெரிஞ்சா அம்மா என் தோலை உரிச்சு டிரம்முக்குக் கட்டியிருப்பாங்க. கையைத் தோல்ல துடைச்சிட்டேன். எல்லாரும் ‘ரத்தம், ரத்தம்’னாங்க. நானும் தலையாட்டிட்டேன். அப்புறம் வருஷா வருஷம் சொரிசோ தேய்ச்சுக் கறையைப் புதுப்பிக்க வேண்டியதாப் போச்சு. போதும்டா சாமி!”

மறுநாள் காலையில் தோல் காய்ந்து விறைப்பாக இருந்தது. மாமா ஒற்றைக் கையால் டிரம்மைப் பிடித்துக்கொள்ள, ஹிமேனா எதிரெதிர்த் திருகாணிகளாக மாற்றி மாற்றி முறுக்கினாள். ஒலி சரியாக வருமா? தட்டிப் பார்க்கவும் முடியாதே!

சதுக்கம் முழுவதும் டிரம் அடிப்பவர்களின் ஊதா அங்கிகள். நண்பகலுக்குச் சில நிமிடங்களே இருந்தன. நிக்கானோரின் ‘மூச்சு’ ஊரையே சுற்றி வந்துவிட்டது போலும். எல்லோர் கண்களும் ஹிமேனாவின் டிரம்மின்மேல்தான்.

“பெர்மினோட ரத்தக்கறையை அழிச்சது நீதானா?” என்று ஒருவர் முறைத்தார்.

மாமாவைக் காட்டிக்கொடுக்க ஹிமேனாவுக்கு மனம் வரவில்லை. “ஆமா, நான்தான் கவனக்குறைவா...”

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க!” மாமா முன்னால் வந்தார். “அது ரத்தமே இல்ல. சொரிசோ! புனித வெள்ளியன்னிக்கு நான் திருட்டுத்தனமாத் தின்ன சொரிசோ!”

சதுக்கமே குலுங்கிச் சிரித்தது. பாதிரியார் மட்டும் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். அவர் உதடும் சிரிப்பை அடக்கமுடியாமல் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

கோபுர மணி அடித்தது. ஹிமேனா குச்சிகளை ஓங்கினாள்.

டர்ர்ர்ர்ர்!

தோல் விண்ணென்று பேசியது. நரம்புகள் கலகலவென்று அதிர்ந்தன. அவள் மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போனது. கை வலிக்க வலிக்க அடித்தாள்.

சாயங்காலம் மாமா சுடச்சுட மீன் பணியாரம் வாங்கி வந்தார். எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றுவிட்டு, ஹிமேனா குச்சிகளை எடுக்கப் போனாள்.

“நில்லு, நில்லு!” மாமா பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினார். “முதல்ல கையைத் துடைடி!”