ஹீரோவுக்கு ஒரு பயம் வேண்டும்

படம் பார்க்கப் பம்பரம் உட்கார்ந்தால் வீட்டில் மற்ற எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள்.

காரணம், அவள் படத்தை ஓடவிட மாட்டாள். சண்டை தொடங்கும்; நிறுத்துவாள். வில்லன் கதவைத் திறப்பான், நிறுத்துவாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கிவிட்டு மறுபடி ஓடவிடுவாள்.

“அக்கா, அந்த ஆள் எவ்வளவு நேரமா அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கான் பாரு. பாவம், விழறதுன்னா விழட்டும், விடு” என்று தம்பி கெஞ்சினான்.

“இருடா. இது படிப்பு.”

உண்மையிலேயே படிப்புதான். பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு குட்டிப் படம் எடுக்க வேண்டும். டீச்சரே தன் செல்போனில் எடுத்துத் தருவார். “கதை யாரு எழுதறீங்க?” என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள், “நான்!” என்று எழுந்து நின்றவள் இவள்தான். ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றுவதால் வகுப்பில் எல்லாருக்கும் அவள் பம்பரம்.

எழுந்து நின்ற பிறகுதான், திரைக்கதையை எப்படி எழுதுவது என்றே தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அதனால் ஊரே கொண்டாடிய ஒரு சண்டைப் படத்தை எடுத்து, கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பதுபோல் கழற்ற ஆரம்பித்தாள்.

அந்தப் படத்தின் ஹீரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஒரு கப்பலை ஆட்களோடு கடத்தப் பார்க்கும் கூட்டத்தை அவன் ஒற்றை ஆளாகப் பிடிக்கிறான். விறுவிறுப்பான இடத்தில் மேலேயும், ஹீரோ அடி வாங்கும் இடத்தில் கீழேயும் போகும்படி பம்பரம் தாளில் ஒரு கோடு வரைந்தாள். வரைந்து முடித்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது.

அவ்வளவு பெரிய ஹீரோவுக்குத் தண்ணீர் என்றால் பயம்!

படத்தின் தொடக்கத்தில், தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தாண்டப் பயந்து அவன் ஊரையே சுற்றிக்கொண்டு போவான். எல்லாரும் சிரிப்பார்கள். நடுவில், அவன் நண்பன் கடலில் விழும்போது குதிக்க முடியாமல் உறைந்து நிற்பான். கடைசியில் வில்லன் இருப்பதோ நடுக்கடலில். குதித்தே ஆக வேண்டும்.

“கண்டுபிடிச்சிட்டேன்! முதல்ல ஹீரோவோட பயத்தைக் காட்டணும். நடுவுல அந்தப் பயத்தாலேயே அவன் தோக்கணும். கடைசியில வில்லன் அந்தப் பயத்துக்குள்ளேயே போய் ஒளிஞ்சுக்கணும்!”

“நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கறேன். நீ முடிச்சதும் கூப்பிடு” என்றான் தம்பி.

கதை தயாரானது. திருடர்கள் பள்ளிக்கூட மணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மணி அடிக்காததால் கணக்கு வகுப்பு முடியவே இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு தீயணைப்பு வீரர் வருகிறார்.

ஆனால் அவருக்கு எதைக் கண்டு பயம்? பல்லி? பேய்? இருட்டு? எல்லாமே கேட்டுக் கேட்டுப் புளித்தவை. பம்பரம் பென்சிலைக் கடித்தாள். அப்போது அணிலின் ஞாபகம் வந்தது.

அணில் அவளுடைய உயிர்த் தோழி. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக் கொறிப்பாள். ஒரு விடுமுறையில் இவர்கள் வீட்டில் தங்கியபோது, குளியலறை வாசலில் தயங்கி நின்று, “நீ கதவுக்கு வெளியில நின்னு ஏதாவது பாடிக்கிட்டே இருக்கியா? வீட்டுல அம்மா பாடுவாங்க. தனியா இருந்தா எனக்கு பயம்” என்று கேட்டாள். பம்பரத்துக்கு அவசரத்தில் பாட்டு எதுவும் வரவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடினாள். வெளியே வந்த அணில், “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்றாள்.

‘பேரா போடப் போறேன்? கதையில வர்றது மீசை வச்ச ஆளு’ என்று பம்பரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.  பென்சில் ஓட ஆரம்பித்திருந்தது. திருடர்கள் மணியைக் கொண்டுபோய் ஒளித்து வைத்த இடம் குளியலறை!

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று படித்தாள். முரட்டு மீசை வீரர் குளியலறைக்குள் போகிறார். அவருடைய அம்மா வெளியே நின்று தாலாட்டுப் பாடுகிறார். பம்பரம் அந்த அம்மாவின் குரலில் பாடியே காட்டினாள்.

வகுப்பு வெடித்தது. ஹீரோவாக நடிக்கப் போகும் மைக், பெஞ்சிலிருந்து சரிந்து கீழே விழுந்தான். அவன் மெதுவாகப் பேசினாலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும். சிரித்தால் கேட்கவா வேண்டும்! டீச்சர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படிக்க முடியாமல் பம்பரமும் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே அணிலைத் திரும்பிப் பார்த்தாள்.

அணில் சிரிக்கவில்லை. மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல்கள் சிவந்து போயிருந்தன.

பம்பரத்தின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“சொல்லுடி, இது யாரு? நிஜமாவே ஒருத்தங்க இப்படி இருக்காங்கதானே? சும்மா யோசிச்சா இதெல்லாம் வராது” என்றான் மைக்.

“யாரும் இல்ல. சும்மாதான் எழுதினேன்.”

அன்று முழுவதும் மைக்கின் கூட்டத்துக்கு அதுவே விளையாட்டு. யார் கழிவறைக்குப் போக எழுந்தாலும் பின்னாலிருந்து தாலாட்டுக் கேட்டது. போனவர்களும் சிரித்தார்கள், இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அணில் மட்டும் கழிவறைப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட இல்லை. கடைசி வகுப்பிலும் அந்தப் பாட்டில் கழுத்து வரை நிறைந்தே இருந்தது. அவள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அந்த வகுப்பில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பாட்டிலைப் பார்க்கப் பார்க்கப் பம்பரத்துக்கு மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல் இருந்தது.

பள்ளி விட்டதும் ஓடிப் போய் அணிலை மறித்தாள். “நான் உன் பேரைச் சொல்லலையே!”

“நீ சிரிச்சே” என்றாள் அணில்.

“எல்லாரும் சிரிச்சாங்க, அதனாலதான்...”

“அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சே.”

அணில் விலகி நடந்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்த வாய், சாக்குச் சொல்லிவிட்டது. அதுவும் சேர்ந்து பம்பரத்தைக் குத்தியது.

வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “காய்ச்சலா?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினாள். என்ன என்று சொன்னால் அம்மாவும் தன்னை அணில் பார்த்த மாதிரியே பார்ப்பாரோ என்று பயமாக இருந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கேயும் அவள் சிரிப்பே அவளுக்குக் கேட்டது.

கூடத்தில் தம்பி கிரேன் படத்தைப் போட்டான். “இன்னிக்கு ரிமோட் என்கிட்டதான். நடுவுல நிறுத்தக் கூடாது, வேகமா ஓட்டவும் கூடாது.”

அவள் வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

பாதிப் படத்தில், அவள் பார்த்தே இராத ஒரு காட்சி வந்தது. கிரேனின் சின்ன அறையில் ஹீரோவும் அவன் குட்டி மகளும் ரொட்டியைப் பிட்டுத் தின்கிறார்கள். “உங்களுக்கு ஏம்பா தண்ணின்னா பயம்?” என்று மகள் கேட்கிறாள். சின்ன வயதில் படகு கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு தனியாக மிதந்ததை அவன் சொல்கிறான். மகள் கொஞ்சம் நகர்ந்து அவன்மேல் சாய்ந்துகொள்கிறாள். அவ்வளவுதான்.

“இந்த சீன் எப்படா வந்துச்சு?”

“எப்பவும் இருக்கு. பேசிக்கிட்டே இருக்காங்கன்னு நீதான் ஓட்டிவிட்டுடுவே.”

பம்பரம் காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். மேலும் கீழுமாக ஓடிய கோட்டில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. தெருத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தவனை நினைத்தால் இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘உனக்கு ஏன் பயம்?’ என்று அணிலிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நாளைக்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாமா? ‘யார்கிட்ட கேக்கறே?’ என்று மைக் உடனே கத்துவான். எல்லாரும் அணிலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது கூடாது. அந்தக் காட்சியைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கிழித்தாலும் தாலாட்டு நிற்காது. சிரிப்பதற்கு அவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டும். இதைவிடப் பெரியதாக. உண்மையானதாக.

பம்பரத்துக்கு அது என்னவென்று தெரிந்துதான் இருந்தது. ஆனால் எழுத வேண்டுமென்று நினைத்ததுமே முகம் சூடானது. பென்சிலைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடைசியில் எழுதினாள்.

மறுநாள், “டீச்சர், கதையை மாத்திட்டேன். ஒரு தடவை படிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“பாத்ரூம் சீன்தான் சூப்பர்! அதை எடுத்தா நான் நடிக்க மாட்டேன்” என்று மைக் எழுந்தான்.

“முதல்ல கேளு” என்றார் டீச்சர்.

பம்பரம் படித்தாள். தீயணைப்பு வீரரிடம் பளபளவென்று ஒரு சைக்கிள் இருக்கிறது. எங்கே போனாலும் அதைக் கூடவே தள்ளிக்கொண்டு போகிறார். யாராவது கேட்டால், “டயர் பஞ்சர்ப்பா” என்கிறார். மறுநாள், “செயின் கழண்டுடுச்சு.” அதற்கடுத்த நாள், “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்.” உண்மை என்னவென்றால், அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

எல்லாத் தலைகளும் பம்பரத்தின் பக்கம் திரும்பின.

“ஏய்! செயின் கழண்டுடுச்சுன்னு நீதானே தினமும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வருவே?” என்று மைக் அலறினான். “உனக்கு ஓட்டத் தெரியாதா?”

பம்பரத்தின் காதிலிருந்து கழுத்து வரை பற்றி எரிந்தது. “தெரியாது” என்றாள். “ஒரு தடவை ஏறினேன். சரிவுல பிரேக் பிடிக்கல. சாக்கடையில போய் விழுந்தேன். அப்புறம் ஏறவே இல்ல.”

கூரை இடிந்து விழும்போல் சிரிப்பு எழுந்தது.

“அப்போ அந்த பாத்ரூம் ஆளும் நீதானா?”

பம்பரம் அணில் பக்கம் திரும்பவே இல்லை. “அது நல்லா எழுத வரல. கிழிச்சுப் போட்டுட்டேன். இதுதான் கதை.”

தாலாட்டு அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாக அவள் எங்கே நடந்தாலும், “டிரிங் டிரிங்! ஓரம் போ, பஞ்சர் வண்டி வருது!” என்று குரல்கள் துரத்தின. ஒவ்வொரு டிரிங்குக்கும் உடம்பு கூசியது. ஆனாலும் அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. கணக்கு வகுப்பு முடிந்ததும் அணில் எழுந்து வெளியே போனாள். யாரும் பாடவில்லை. திரும்பி வந்து பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.

மாலையில் பம்பரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“கதைக்கு முடிவே இல்லையே” என்றாள் அணில். “கடைசியில திருடங்களைத் துரத்தறப்போ அந்த ஆளு எப்படி ஓட்டறான்?”

“தெரியல. எனக்கே ஓட்டத் தெரியாதே, எப்படி எழுதறது?” என்ற பம்பரம் சைக்கிளை நிறுத்தினாள். இந்த முறை வாயில் சாக்கு எதுவும் வரவில்லை. “நான் பண்ணினது ரொம்பத் தப்பு. உன்னைக் கேக்காம எழுதினேன். சிரிச்சேன். மன்னிச்சுடு.”

அணில் கீழே பார்த்தாள்.

“உனக்கு ஏன் பயம்னு நான் கேட்டதே இல்ல” என்றாள் பம்பரம். “சொல்லணும்னு தோணினா சொல்லு. இல்லேன்னா வேண்டாம்.”

பம்பரம் சைக்கிளைத் தள்ள, இருவரும் தெருக்கோடி வரை நடந்தார்கள்.

“சின்ன வயசுல தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. குழாய்ச் சத்தத்துல நான் கத்தினது யாருக்கும் கேக்கல” என்றாள் அணில். “வெளியில ஒரு குரல் கேட்டா, யாரோ இருக்காங்கன்னு தெரியும். அதுக்குத்தான் பாட்டு.”

பம்பரம் நடையை மெதுவாக்கி, அவள் பக்கமாக நகர்ந்து நடந்தாள்.

“இதையும் எழுதினே, உன்னைக் கடிச்சு வச்சுடுவேன்.”

“எழுத மாட்டேன்.”

“சரி, முடிவு சொல்றேன் கேளு” என்றாள் அணில். “அவன் எதுக்கு ஓட்டணும்? ஒரே நாள்ல யாருக்கும் பயம் போகாது. அவன் பின்னாடி உட்காரட்டும். ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டட்டும்.”

“ஓட்டறது யாரு?”

“பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிற அக்கா. அவங்க மணியைத்தானே திருடினாங்க? கோபம் வராதா? அந்த அக்காவா நான் நடிக்கிறேன்.”

படப்பிடிப்பு நாளன்று மைதானத்தில் வகுப்பே கூடியது. பெரிய மீசை ஒட்டிய மைக், பம்பரத்தின் சைக்கிளில் பின்பக்கம் உட்கார்ந்து அணிலின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அணில் ஒரு மிதி மிதித்தாள். மணித் திருடர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். சைக்கிள் வளைந்து நெளிந்து பறந்தது. மைக்கின் மீசை காற்றில் கழன்று போய்விட்டது.

“மெதுவா போடி! அம்மா! யாராவது நிறுத்துங்களேன்!” என்று அவன் அலறிய அலறல் வசனத்தில் இல்லாதது.

டீச்சர் “கட்!” என்றார்.

அணில் நிறுத்தவில்லை. மைதானத்தை இன்னொரு சுற்று சுற்றப் போனாள்.