காணாமல் போன மதியப் பசி

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. வீட்டுச் சுவரே சொல்லிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள் காய்வதற்குள் வயிற்றில் 'குடல்மணி' பொருத்திவிடுவார்கள். பசியைக் கிளப்பும் சுரப்பு எப்போது ஏறுகிறது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் சுரப்பு எப்போது ஏறுகிறது என்று நாள் முழுக்க அது சுவரில் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டிருக்கும்.

கணவன் பூதலிங்கத்தின் கோடுகள் உமையாளுக்கு மனப்பாடம். காலையில் வெறும் கஞ்சி குடிப்பவன்; நண்பகலில் பசிக்கோடு குபுகுபுவென்று எழும். கொஞ்ச நாளாக அது எழவேயில்லை. முற்பகலிலேயே நிறைவுக்கோடு உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வயிற்றுக்குள் புரதம் கனமாகப் போனால்தான் அப்படி ஆகும்.

"ஏங்க, உங்க மத்தியானப் பசி எங்க போச்சு?"

"வேலை ஜாஸ்திம்மா."

"வேலை செஞ்சா பசிக்கத்தானே செய்யும்? சுவரைப் பாத்துப் பேசுங்க. யார் வீட்டுல சாப்பிட்டீங்க?"

பூதலிங்கம் சுவரைப் பார்த்தான். தப்ப வழியில்லை.

"கூட வேலை பாக்குற சேவியர் வீட்டுல. கறி."

உமையாளுக்கு நெஞ்சு எரிந்தது. எரியாதா பின்னே? அவள் பிறந்தது அசைவத் தெருவில், வாழ்க்கைப்பட்டது சைவத் தெருவில். கல்யாணமான அன்றே, இனிக் கறியைத் தொடமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியவன் இதே மகராசன்தான். அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குப் போனால்கூடப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்பினாள்.

"பாவி மனுசா! என் வாயைக் கட்டிட்டு நீங்க ஊர்மேயப் போனீங்களா?"

அடுக்களை எந்திரத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. "வருந்தாதீர்கள் அம்மா. இரு தெருக்களுக்கும் ஒரே தொட்டிதான். அதில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரே புரதம். இங்கே பெருங்காய மணம், அங்கே கறி மணம். குடலுக்கு வேறுபாடு தெரியாது."

"இத்தனை வருசமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேட்கவில்லை."

பூதலிங்கம் துள்ளி எழுந்தான். "கேட்டியா? அப்ப நான் தப்பே பண்ணலை!"

"அப்ப நான் எதுக்குங்க எங்கம்மா வீட்டுத் தண்ணியைக்கூடத் தொடலை?" உமையாளின் குரல் உடைந்துவிட்டது.

அவன் காதில் அது விழவில்லை. முகம் மெல்ல வெளுத்தது.

"ஒரே தொட்டியா? அந்தத் தெருக்காரங்க தொட்டியில இருந்தா நம்ம வீட்டுக்கு வருது?"

ஓடிப்போய் வாய் கொப்பளித்தான். உவ்வே, உவ்வே என்று ஒரே ஆர்ப்பாட்டம்.

மறுநாள் சைவத் தெருவின் அவசரக் கூட்டம். தங்களுக்குத் தனித்தொட்டி வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டலுக்கு நடுவே முதல் கையெழுத்துப் போட்டவன் பூதலிங்கம். கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான். சேவியர் வீட்டில் பந்தி முடிய நேரமாகிவிட்டதாம்.