காந்தத்தின் அடியில்

கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டுக்கு மேலே தொங்கும் காந்தத்தில் அன்று ஒரு பூட்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய சுரங்கத்தின் கழிவுக் கரிமேட்டை அள்ளி எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அது. கரியோடு வரும் ஆணி, கம்பி, உடைந்த மண்வெட்டி எல்லாவற்றையும் பாய்லருக்குப் போகுமுன் காந்தம் பிடித்துக்கொள்ளும். இதுவோ சுரங்கத் தொழிலாளி போடும் பூட்ஸ். அடியில் இரும்பு லாடம். உள்ளே இறுகிய கரித்தூளில் ஏதோ வெளுப்பாய்த் தெரிந்தது. பெல்ட் மேற்பார்வையாளர் அதைப் பிடுங்கிக் கையில் எடுத்தார்; உற்றுப் பார்க்கவில்லை.

அவருடைய அப்பா அந்தச் சுரங்கத்தின் தலைமை மேஸ்திரி. பல வருஷங்களுக்கு முன் அந்தக் கரிமேடு சரிந்த அன்று, அடியில் ஒருவரும் இல்லை என்று அப்பா சொன்னதால் யாரும் தோண்டவில்லை. காணாமல் போனவர்கள் வேலைக்குப் பயந்து ஓடிவிட்டதாகவே ஊர் பேசியது. அந்த ஒரு சொல்லின் மேல்தான் குடும்பம் இன்றுவரை தலைநிமிர்ந்து நடக்கிறது.

எவனோ வேண்டுமென்றே போட்டிருக்கிறான். மேட்டிலிருந்து கரி அள்ளிக் கொட்டும் லோடர் டிரைவராகத்தான் இருக்கும். அவனுடைய பெரியப்பாவும் ஓடிப்போனவர்தானே.

நினைத்த மாத்திரத்தில் அவனே வந்து நின்றான்.

“என்னண்ணே, முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கிறீங்க? புதையலா?”

“பழைய சட்டி. போய் வேலையப் பாரு.”

“மேட்டுல இன்னும் நிறைய கிடக்கு. அண்ணிக்குச் சமையலுக்கு ஆகும்,” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அந்தச் சிரிப்பை அவர் நெடுநேரம் மனதில் புரட்டிப் பார்த்தார். பிறகு, காந்தத்துக்கு அப்பால் பெல்ட்டில் பூட்ஸைப் போட்டார். அது பாய்லருக்குள் போயிற்று.

பொழுது சாயச் சாய, கொட்டகைக்குள் கரிவாடையோடு ஈரத்தோலும் வியர்வையும் கலந்த ஒரு வாடை சூழ்ந்தது. பெல்ட் உருளைகளின் கிறீச்சொலிக்கு அடியில், பலர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதைப் போன்ற ஓர் அமைதி இருந்தது. லோடர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பெல்ட்டில் கரி வந்துகொண்டே இருந்தது.

டக். தலைக்கு மேலே. மறுபடி டக். டக்.

பூட்ஸுகள். லாடம் மேலே ஒட்ட, தலைகீழாக, ஜோடி ஜோடியாக. கூரையில் ஆட்கள் வரிசையாக நிற்பதுபோல.

பெல்ட்டை நிறுத்தினார். காந்தத்தின் மின்சாரத்தைத் துண்டித்தார். ஆணிகள் கொட்டின. கம்பிகள் விழுந்தன. பூட்ஸுகள் விழவில்லை.

வாசலில் டிரைவரின் குரல். “இருட்டிருச்சேண்ணே, லைட்டப் போடவா?”

கத்த வாய் திறந்தார். லைட் எரிந்தால் அவன் பார்ப்பான். ஊர் பார்க்கும்.

“வேண்டாம். கதவச் சாத்திட்டு வீட்டுக்குப் போ.”

கதவு சாத்தப்பட்டது.

சுவிட்சுப் பலகையின் சிவப்பு வெளிச்சத்தில், முன்வரிசை பூட்ஸ் ஒன்று காந்தத்தை விட்டுப் பிரிந்து, பக்கத்து இரும்பு உத்தரத்தில் அவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது. அதன் திறந்த வாயிலிருந்து கரித்தூள் அவர் நெற்றியில் உதிர்ந்தது.

வெதுவெதுப்பாக.