நான்கு மூலை மஞ்சள்

காலை 10.20. கொட்டாஞ்சேனை.

மூன்றாம் பக்கத்தில் அந்த வசனம் இல்லை.

மிதுனா விரல் வைத்து, எழுத்துக்கூட்டும் பிள்ளை மாதிரி மறுபடியும் வாசித்தாள். 'சேவையிலிருந்து விலகுவதற்கான கொடுப்பனவு' என்றுதான் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கையெழுத்து வைத்தபோது அந்த இடத்தில் வேறு வசனம் இருந்தது. 'முகாமையாளர் ஷெல்டனின் பாலியல் அத்துமீறலால் இவருடைய உடலுக்கும் மனதுக்கும் நேர்ந்த தீங்குக்கான நட்டஈடு.' ஒப்பந்தம் ஆங்கிலத்தில் என்றாலும் அந்த வசனம் அவளுக்கு மூன்று மொழியிலும் மனப்பாடம். அதை எழுதாமல் விட்டால் இன்னும் ஐந்து லட்சம் தருகிறோம் என்று அவள் வேலை செய்த கப்பல் கம்பனி சொன்னபோது, காசு வேண்டாம், வசனம் வேண்டும் என்று நின்றவள் அவள்.

சட்டத்தரணி நாகேந்திரம் கதிரையில் சாய்ந்தார்.

"இதைத்தான் பிள்ளை நீர் அண்டைக்கு வாசிச்சுச் சைன் வைச்சனீர். அந்த நேரம் உமக்கு மனம் சரியில்லை. ஞாபகம் பிசகியிருக்கும்."

அவர் மிதுனாவின் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், அவளுக்கு அங்கிள். ஒரு சதம் வாங்காமல் வழக்கை எடுத்தவர். அவரே சொன்னதும் மிதுனாவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் அவளுக்குப் பழக்கமானது. ஷெல்டனும் முதலில் அதைத்தான் சொன்னான், எல்லாம் உன் கற்பனை என்று.

போன மாதம் இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கம்பனி தன்னிடமிருந்த பிரதியைக் காட்டி, மிதுனாவுக்குக் கொடுத்த நாற்பது லட்சமும் வேலைவழி வருமானம் என்று சொல்லிவிட்டதாம். ஆகவே வரி கட்டு என்றது கடிதம். ஆட்சேபிக்க முப்பது நாள். இன்று முப்பதாவது நாள். நாலேகாலுக்குத் திணைக்களக் கந்தோர் மூடிவிடும்.

அவளுக்குப் பக்கத்தில் உஷாந்தி இருந்தாள். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வரி ஆலோசனை சொல்பவள். அதற்கு முன் ஒன்பது வருடம் திணைக்களத்தில் கள்ளப் பற்றுச்சீட்டுப் பிடித்தவள். அவள் விளக்கியது எளிமையானது. ஒருவருக்கு நேர்ந்த தீங்குக்கான நட்டஈட்டுக்கு விலக்குக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. வேலையை விட்டதற்குக் கொடுக்கிற காசு சம்பளத்தின் தம்பி, அதற்கு வரி உண்டு. மிதுனாவின் காசு எந்த வகை என்று சொல்ல இருந்தது அந்த ஒரு வசனம்தான்.

காலை 10.45.

உஷாந்தி வாசிக்கவில்லை. ஒப்பந்தத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய், சேலை வாங்க வந்தவள்போல வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். ஏழு பக்கம். கையெழுத்து கடைசிப் பக்கத்தில் மட்டும். ஒவ்வொரு பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் பொட்டு. மூன்றாம் பக்கத்தில் மட்டும் பொட்டுகள் சிவப்பு.

கிளார்க் தங்கையா தேத்தண்ணி கொண்டுவந்தார். நாகேந்திரம் வாய் நிறைய வெற்றிலையோடு, வேண்டாமென்று கையசைத்தார்.

"வேற பிரதி இருக்கோ, சேர்?" என்று உஷாந்தி கேட்டாள்.

"கம்பனியிட்ட ஒண்டு, இது ஒண்டு. இரகசிய நிபந்தனை. ஆருக்கும் போட்டோக்கொப்பி இல்லை."

"இது வைச்சிருந்த அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"மூண்டு பேரிட்ட. என்னட்ட, தங்கையாட்ட, டைப் பண்ணுற றேமண்ட்டிட்ட."

"நீங்கள் கடைசியா எப்ப தொட்டனீங்கள்?"

"தங்கையா கட்டி வைச்ச நாளிலயிருந்து தொடவேயில்லை. இண்டைக்கும் அவன்தான் அவிழ்த்தவன்."

றேமண்ட் வந்தார். மூன்றாம் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தவர், கேட்காமலே சொன்னார்.

"இது எங்கட பிரின்டர்தான் மிஸ். ஆனா இடப்பக்கம் இந்த மெல்லிசுக் கோட்டைப் பாருங்கோ. போன தையிலயிருந்துதான் அப்பிடி விழுகுது. மற்றப் பக்கங்களில இல்லை."

மிதுனாவுக்கு மூச்சு வந்தது. தன் ஞாபகம் பிசகவில்லை. இந்த அறையில் யாரோ பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள்.

காலை 11.10.

தங்கையா ஜிந்துப்பிட்டிக்காரர். முக்கியமான பத்திரம் எதுவானாலும் முருகன் கோவிலுக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் கட்டுவார். இருபத்தாறு வருடமாக இதுதான் வழக்கம். இந்தச் சிவப்பு என்ன என்று உஷாந்தி கேட்டாள்.

"தெரியலீங்கம்மா. நான் மஞ்சள் மட்டுந்தான் வைப்பேன். குங்குமம் பேப்பர்ல கறையாயிரும்னு ஐயாதான் சொல்லியிருக்காங்க."

நாகேந்திரம் பெருமூச்சு விட்டார். பொட்டு வைக்கிறவன் அவன், பக்கத்தை மாற்றியவனும் பொட்டு வைத்திருக்கிறான், இதற்குமேல் என்ன விசாரணை என்று கேட்டார். பாவம், என்ன கஷ்டமோ என்றும் சேர்த்துக்கொண்டார்.

உஷாந்தி தங்கையாவிடம் மஞ்சள் கிண்ணத்தைக் கேட்டாள். விரலால் தொட்டு ஒரு வெள்ளைத் தாளில் வைத்தாள். மஞ்சள். பிறகு நாகேந்திரத்தின் மேசையிலிருந்த சின்ன வெள்ளிச் சிமிழைத் திறந்து, விரல் நுனியை அதற்குள் விட்டு, அதே விரலால் மறுபடி மஞ்சளைத் தொட்டுத் தாளில் வைத்தாள்.

பொட்டு எல்லோர் கண்முன்னாலும் சிவந்தது.

"மிதுனா, ஆலாத்திக்கு மஞ்சளோட என்ன கரைக்கிறனாங்கள்?"

"சுண்ணாம்பு" என்றாள் மிதுனா. சொன்னதும் அவளுக்கு மெய்சிலிர்த்தது. அக்காவின் கலியாணத்தில் அவளே கரைத்திருக்கிறாள். கைக்குள் மஞ்சள் சிவப்பாக மாறுவதை எத்தனை தரம் கண்டிருக்கிறாள்! கண்டதெல்லாம் கண்ணோடு போய்விட்டது. உஷாந்தியோ ஏழு தாளைப் புரட்டி, அதிலே ஒரு மனிதரின் விரலையே கண்டுபிடித்துவிட்டாளே என்று வாய் பிளந்து பார்த்தாள்.

"பொட்டு இல்லாட்டிப் பக்கம் தனிச்சுத் தெரியும் எண்டு மாத்தினவருக்கு விளங்கியிருக்கு" என்றாள் உஷாந்தி. "அதனால தன்ர கையாலயே மஞ்சள் தொட்டு வைச்சிருக்கிறார். விரலில சுண்ணாம்பு இருந்ததை மறந்திட்டார். சிவந்த பிறகு, பாக்கிறவை குங்குமம் எண்டு நினைப்பினம் எண்டு விட்டிட்டார். இந்தக் கந்தோரில வெற்றிலை போடுறது ஒராள்தான். அவர் கட்டைத் தொடவேயில்லை எண்டும் அவரே சொன்னவர்."

உஷாந்தி மேசையிலிருந்த டயறியைத் திருப்பினாள். இந்த வருடத்து டயறி. அட்டையில் நங்கூரச் சின்னம். மிதுனா அந்தச் சின்னத்தின் கீழ் நான்கு வருடம் வேலை செய்தவள்.

"கப்பல் கம்பனி இப்ப உங்கட கட்சிக்காரர் போல, சேர். ஷெல்டன் பணிப்பாளராகப் போறாராம். அவற்ற பெயர் இருக்கிற கடதாசி ரெண்டு. கம்பனியிட்ட இருந்ததை அவர் மாத்தினார், இஞ்ச இருந்ததை நீங்கள் மாத்தினியள். பழைய பக்கம் எங்க? நீங்கள் கிழிச்சிருக்க மாட்டியள். நாளைக்கு ஷெல்டன் கைவிட்டால் உங்களுக்கும் ஒரு பிடி வேணும்."

நாகேந்திரம் மேசையின் கீழ் லாச்சியைத் திறந்து ஒரு உறையை எடுத்து வைத்தார்.

"பிள்ளை, உமக்குத்தான் காசு வந்திட்டுதே, இனி அந்த வசனம் உமக்கு என்னத்துக்கு எண்டு நினைச்சன்."

மிதுனா உறைக்குள்ளிருந்த தாளை எடுத்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் அவளுடைய வசனம். அவள் அதைத் தங்கையாவிடம் காட்டினாள். அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை 3.40. இறைவரித் திணைக்களம்.

கவுண்டரில் இருந்த அதிகாரி ரபீக்கா மூன்றாம் பக்கங்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முடிவு வர மாதக்கணக்காகலாம், மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள் என்றார். மஞ்சள் பொட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டு வந்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து மிதுனாவைப் பார்த்தார். எழுந்து, தன் கதிரையைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டார்.

"இதை நான் போட்டோக்கொப்பி எடுக்கலாமா?"

இரண்டு வருடமாக யாரும் படியெடுக்கக் கூடாதிருந்த தாள் அது.

"எடுங்கோ" என்றாள் மிதுனா. "ரெண்டு எடுங்கோ. ஒண்டு எனக்கு."